வேளிமலையில் டைனோசர் எலும்பு கிடைக்குமா?

வாசகர் கேள்வி – பதில்

குழந்தைகளுக்குப் புதைபடிவங்களை எப்படி அறிமுகப்படுத்துவது என்று கேட்டு, குமரி மாவட்டத்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

என் மகள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள். டைனோசர்களைப் பற்றிய காணொலிகளைப் பார்த்தது முதல், வேளிமலை அடிவாரத்தில் தோண்டினால் எலும்பு கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கிடைக்காது என்றால், ஏன் என்று கேட்கிறாள். என்ன சொல்வது?
— ஒரு தாய், தக்கலை

கிடைக்காது என்பது சரியான விடைதான். ஆனால் அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்குள் புதைபடிவ அறிவியலின் முதல் பாடம் முழுவதும் இருக்கிறது. ஆகவே அதற்கு நிதானமாகவே பதில் சொல்லுங்கள்.

ஓர் உயிர் புதைபடிவமாக வேண்டுமானால், அது இறந்தவுடன் பிற விலங்குகள் தின்றுவிடாமலும், வெயிலிலும் காற்றிலும் சிதைந்துவிடாமலும், சேறோ மணலோ அதை விரைவாக மூடியாக வேண்டும். அந்தச் சேற்றின்மேல் மேலும் மேலும் வண்டல் படிந்து, அழுத்தத்தால் இறுகிக் கல்லாகும்போது, உள்ளே இருக்கும் எலும்பின் அல்லது ஓட்டின் நுண்துளைகளில் நிலத்தடி நீரிலுள்ள கனிமங்கள் புகுந்து படிகின்றன. இது நிகழ்வது ஆற்றுப்படுகையிலும், ஏரியின் அடியிலும், கடலின் அடியிலும். அதாவது படிவுப் பாறைகளில். பூமிக்குள் உருகிக் குளிர்ந்த தீப்பாறையிலும், வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் அடியோடு மாறிப்போன உருமாறிய பாறையிலும் எலும்பைத் தேடுவதில் பெரும்பாலும் பயனில்லை.

வேளிமலை, மருந்துவாழ்மலை, பேச்சிப்பாறைக்கு மேலுள்ள மலைகள் ஆகிய யாவும் சார்னோகைட், கோண்டலைட், நைஸ் போன்ற உருமாறிய பாறைகளால் ஆனவை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்னும் பெருநிலம் ஒன்றுசேர்ந்த காலத்தில், இவை பூமியின் மேலோட்டுக்குள் மிக ஆழத்தில், 800 டிகிரி செல்சியஸையும் தாண்டிய வெப்பத்தில் வெந்து உருமாறின. டைனோசர்கள் தோன்றியதோ ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். எனவே உங்கள் மகளிடம், “டைனோசர் பிறப்பதற்கு வெகுகாலத்திற்கு முன்பே இந்தக் கல் கல்லாகிவிட்டது, அது எப்படி இந்தக் கல்லுக்குள் போக முடியும்?” என்று கேளுங்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அந்தக் கணக்கு எளிதில் விளங்கும். விளங்கிய பின், வழியில் காணும் ஒவ்வொரு கல்லையும் பார்த்து, இது எவ்வகைப் பாறை என்று அவளே கேட்கத் தொடங்குவாள். எலும்பு கிடைப்பதைவிட அது பெரிய பேறு என்றே நான் கருதுகிறேன்.

ஒரு நாள் மாலை அவளை முட்டத்துக்கோ மணவாளக்குறிச்சிக்கோ அழைத்துச் சென்று, கரையில் வரிவரியாகக் கிடக்கும் செந்நிற மணலையும் கருநிற மணலையும் காட்டுங்கள். செந்நிறம் கார்னெட், கருநிறத்தில் பெரும்பகுதி இல்மனைட். பிறகு, உடைந்த நைஸ் பாறை ஒன்றில் புள்ளிபுள்ளியாகப் பதிந்திருக்கும் சிவப்புக் கார்னெட் மணிகளைக் காட்டுங்கள். மலை சிதைந்து, மழையில் கரைந்து, ஆறுகள் வழியாகக் கடலை அடைந்து மணலாகியிருக்கிறது என்பதை அவள் கண்ணாலேயே காண்பாள். அந்த மணலுக்குள் இன்று புதைகிற ஒரு சிப்பி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு புதைபடிவமாகக்கூடும். ஒன்று மட்டும்: கருமணலை அள்ளி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அதில் தோரியம் அடங்கிய மோனசைட் கலந்திருக்கிறது. பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவருவதே முறை.

கன்னியாகுமரிக்கு அருகே, செம்மண் தேரி ஒன்றில் என் மகன் வெண்மையான குழல் போன்ற துண்டுகளை எடுத்து வந்தான். சில கிளைவிட்டிருக்கின்றன. பழங்கால விலங்கின் எலும்பு என்று நம்புகிறான். உண்மையா?
— ஒரு வாசகர், அகஸ்தீஸ்வரம்

நீங்கள் விவரிப்பதை வைத்துப் பார்த்தால், அவை பழைய மரம் செடிகளின் வேர்த்தடங்களாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். நம் கடற்கரையின் பழைய மணல்மேடுகளில் சிப்பித் துகள்கள் நிறைய உண்டு. மழைநீர் அவற்றிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே கொண்டுசெல்லும்போது, அது வேர்களைச் சுற்றிப் படிந்து இறுகுகிறது. வேர் மட்கிப் போன பின்னும் சுண்ணாம்புக் குழல் நிற்கிறது. மேலுள்ள மணலைக் காற்று வாரிக்கொண்டு போனதும் அது வெளியே தெரிகிறது.

மகன் ஏமாற்றமடையத் தேவையில்லை என்று அவனிடம் அழுத்தமாகச் சொல்லுங்கள். ஓர் உயிரின் உடல் எஞ்சாமல், அது வாழ்ந்ததன் தடம் மட்டும் எஞ்சுவதும் புதைபடிவ அறிவியலின் ஒரு பெரும் பிரிவே. காலடிச் சுவடு, புழு துளைத்த வளை, வேர் சென்ற வழி ஆகிய எல்லாம் அதில் அடங்கும். இன்று புல்லும் முளைக்காத ஒரு மணல்மேட்டில் முன்பு செடிகொடிகள் வேரோடி நின்றன என்பதற்கு, அவன் கையிலிருக்கும் துண்டே சான்று.

வேறுபடுத்திப் பார்க்க ஓர் உருப்பெருக்காடி போதும். எலும்பாக இருந்தால் வெளிப்புறம் வழவழப்பாகவும் கெட்டியாகவும், உடைந்த முகத்தில் உட்புறம் சிறுசிறு அறைகள் நிறைந்ததாகவும் தெரியும். வேர்க்குழலில் சுண்ணாம்புக்குள் மணல் துகள்கள் சிக்கியிருக்கும். நடுவில் துளையோ வளையங்களோ தெரியலாம். நுனியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும். ஒரு சிறு துண்டின்மேல் வினிகர் விட்டால் நுரைத்துக் குமிழியிடும். ஆயினும் அது சுண்ணாம்பு இருப்பதை மட்டுமே காட்டும் சோதனை என்பதால், அதைக் கொண்டு மட்டும் முடிவு கட்டக் கூடாது.

கண்ணை ஏமாற்றும் கற்கள் வேறும் உண்டு. பாறை வெடிப்புகளில் மாங்கனீசு படிந்து, பாசியும் பெரணியும் அச்சடித்தாற்போலத் தோன்றும். அதில் தாவரம் எதுவும் இல்லை. பெரியவர்களும் இதில் இடறுவதுண்டு. 2020ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று சமூக ஊடகங்களில் வேகமாகப் பரவின. பின்னர் வல்லுநர்கள் அவற்றைப் பார்த்து, அவை அம்மோனைட் என்னும் அழிந்துபோன கடலுயிரின் படிவங்களும் வண்டல் திரண்ட உருண்டைகளுமே என்று விளக்கினார்கள். ஒன்றைப் பார்த்தவுடன் பெயர் சூட்டாமல், ‘இது வேறு என்னவாக இருக்கலாம்?’ என்று முதலில் கேட்கும் பழக்கத்தை மகனுக்கு இப்போதே ஊட்டிவிடுங்கள்.

எங்கள் பூஜை அறையில் பாட்டி வழிபடும் சாளக்கிராமம் ஒன்று இருக்கிறது. அது ஒரு புதைபடிவம் என்று என் மகன் பள்ளியில் கேட்டு வந்திருக்கிறான். பாட்டியின் மனம் நோகாமல் இதை எப்படிப் பேசுவது?
— ஒரு வாசகி, மார்த்தாண்டம்

சக்கரம் பதிந்த சாளக்கிராமங்கள் பல, அம்மோனைட் என்னும் கடல்வாழ் உயிரின் படிவங்களே. நேபாளத்தின் காளி கண்டகி ஆறு, இமயமலையின் கரிய களிப்பாறைகளை அறுத்துக்கொண்டு வரும்போது அவற்றை உருட்டிக்கொண்டு வருகிறது. அந்தப் பாறைகள் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், இமயமலை எழுவதற்கு வெகுகாலம் முன்பு, அங்கே கிடந்த கடலின் அடியில் படிந்தவை.

பாட்டியின் மனம் நோக இதில் எதுவும் இல்லை என்பது என் எண்ணம். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளின் திருமேனி 16,008 சாளக்கிராமங்களைக் கொண்டு, மூலிகையும் பிசினும் முதலியன சேர்ந்த கடுசர்க்கரை யோகம் என்னும் கலவையால் அமைக்கப்பட்டது என்பது மரபு. பல தலைமுறைகளாக நம் ஊரார் வணங்கி வந்த கல்லுக்குள், இமயமலையினும் மூத்த ஓர் உயிரின் வடிவம் இருக்கிறது என்று கேட்டால், பாட்டி அந்தக் கல்லை இன்னும் ஆசையோடு பார்ப்பார். பேரன் பாட்டியின் அனுமதியோடு, கல்லைத் தொடாமலேயே சக்கரத்தைப் பார்த்து வரையட்டும். சுருளுக்குள் குறுக்கே செல்லும் கோடுகள் தெரிந்தால், அவை அறைகளைப் பிரித்த சுவர்கள். அம்மோனைட் கடைசி அறையில் மட்டும் வாழ்ந்தது. வளர வளரப் பின்னால் விட்டுவந்த அறைகளில் வாயு நிறைந்திருந்ததால், அது நீரில் மிதக்கவும் ஏறி இறங்கவும் முடிந்தது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த அதே பேரழிவுக் காலத்தில், இந்த இனமும் மறைந்தது.

அதன் தூரத்து உறவினர் ஒருவர் நம் சந்தையிலேயே கிடைப்பார். குளச்சலிலோ சின்னமுட்டத்திலோ கணவாய் வாங்கும்போது, உள்ளே இருக்கும் வெண்ணிற ஓட்டை எறிந்துவிடாதீர்கள். சித்த மருத்துவத்தில் கடல்நுரை எனப்படுவதும் கரையில் ஒதுங்கிக் கிடப்பதும் அதுதான். அதைக் குறுக்கே உடைத்துப் பார்த்தால் மெல்லிய அடுக்கடுக்கான அறைகள் தெரியும். கணவாயும் அவற்றில் வாயுவையும் நீரையும் மாற்றித்தான் மிதப்பைச் சரிசெய்துகொள்கிறது.

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு உண்மையான புதைபடிவங்களைக் காட்ட விரும்புகிறோம். தமிழ்நாட்டில் எங்கே போகலாம்?
— ஒரு குடும்பத்தினர், நாகர்கோவில்

கோடையைத் தவிர்த்துப் பொங்கல் விடுமுறையில் செல்லுங்கள் என்பதே என் முதல் யோசனை. நீங்கள் போக வேண்டிய அரியலூர், பெரம்பலூர் பகுதி மரநிழல் குறைந்த வெட்டவெளி. மே மாத வெயிலில் குழந்தைகளுக்குக் கல்லைப் பார்க்கும் பொறுமை இருக்காது.

ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிப் பல முறை கடல் அந்த நிலத்தின்மேல் ஏறியும் பின்வாங்கியும் இருந்தது. அது விட்டுச்சென்ற படிவுகளில் அம்மோனைட்டுகள், சிப்பிகள், கடல் முள்ளெலிகள், சுறாப் பற்கள் எனக் குவிந்துள்ள செல்வம் உலகப் புகழ் பெற்றது. 1840களிலேயே இங்கிருந்து சென்ற படிவங்களை இங்கிலாந்தில் ஆராய்ந்தார்கள். பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு இப்பகுதியின் பாறைகளை வரைபடமாக்கினார். ஸ்டோலிச்கா இங்குள்ள கடலுயிர்ப் படிவங்களைப் பல தொகுதிகளாக விவரித்து எழுதினார். காரை என்னும் ஊருக்கருகே மழை அரித்த களிமண் மேடுகளில் துப்பாக்கிக் குண்டின் வடிவில் கிடைக்கும் பெலம்னைட்டுகள், முன்னே சொன்ன கணவாயின் அழிந்துபோன உறவினங்களின் உள்ளோட்டுப் பகுதிகள். வீட்டில் கணவாய் ஓட்டைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை அவற்றை அங்கே காணும்போது அடையும் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடந்த கோலத்திலேயே பாதுகாக்கப்படுகிறது. 1940ஆம் ஆண்டில் அதை உலகுக்கு அறிவித்தவர், பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரான எம்.எஸ். கிருஷ்ணன். நிலத்தில் வளர்ந்த மரம், வெள்ளத்தில் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, கடல் வண்டலில் புதைந்து கல்லானது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரைக் கல்மரப் பூங்காவில் இருப்பவை இளையவை. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் பழமையானவை. அங்குள்ள அடிமரங்களில் கிளையோ பட்டையோ வேரோ இல்லாததைக் கவனிக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லி, காரணத்தையும் அவர்களையே யோசிக்கவிடுங்கள். அவை அங்கே வளர்ந்தவை அல்ல, பெருவெள்ளம் உருட்டிக் கொண்டுவந்து போட்டவை என்பதற்கு அதுவே துப்பு.

பயணத்தின் முதல் நாளில் அரியலூர் மாவட்டம் வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். எதைத் தேடுகிறோம் என்று கண் பழகிய பிறகு வெளிநிலத்துக்குப் போனால்தான், காலடியில் கிடப்பது கண்ணில் படும்.

பிள்ளைகள் கண்டெடுத்த புதைபடிவத்தை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?
— ஒரு வாசகர், கருங்கல்

சாத்தனூர், திருவக்கரை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களிலிருந்து ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. சுரங்கங்களுக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது. தனியார் நிலமாயின் உரிமையாளரைக் கேட்காமல் கால் வைக்கக் கூடாது. இவற்றில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை.

ஆனால் நான் இதைவிட முக்கியமாகக் கருதுவது வேறொன்று. எங்கே, எந்த அடுக்கில், எந்த நிலையில் கிடந்தது என்ற குறிப்பு இல்லாத புதைபடிவம், அறிவியலுக்கு ஏறக்குறைய வாய் மூடிய சாட்சி. எடுப்பதற்கு முன் படம் எடுங்கள்; அளவு தெரிய அருகில் ஒரு நாணயமோ அளவுகோலோ வையுங்கள்; தேதி, ஊர், கைபேசி காட்டும் இருப்பிடம், பாறையின் நிறம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பல சமயம் இவ்வளவு செய்த பின், படிவத்தை அங்கேயே விட்டுவருவதுதான் சிறந்தது. எலும்போ பல்லோ போலத் தோன்றினால் கைவைக்காமல், அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கோ கல்லூரியின் புவியியல் துறைக்கோ படத்தையும் இடத்தையும் தெரிவியுங்கள்.

காரணம் சொல்கிறேன். அரியலூர் பகுதியிலுள்ள கல்லமேட்டில் கிடைத்த மிகப் பெரிய டைனோசர் எலும்புகளுக்கு 1980களின் இறுதியில் ‘புருகத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டார்கள். உலகில் வாழ்ந்த மிகப் பெரிய விலங்குகளுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஆனால் அந்த எலும்புகள் உதிர்ந்து அழிந்துவிட்டன. எஞ்சியிருக்கும் சில படங்களையும் வரைபடங்களையும் அளவுகளையும் வைத்துக்கொண்டுதான் ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். வல்லுநர்கள் கையாண்ட படிவத்துக்கே இந்த நிலை என்றால், பெயர்த்தெடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வரும் எலும்பு என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை அரியலூர் வரை அழைத்துச் செல்ல வசதி இல்லை. வகுப்பிலேயே என்ன செய்யலாம்?
— ஓர் ஆசிரியை, குலசேகரம்

நிறையச் செய்யலாம். குளத்துக் களிமண்ணைப் பிசைந்து தட்டையாக்கி, ஒரு சிப்பியை அழுத்தி எடுத்தால் அதன் அச்சு விழும். அச்சுக்குள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலை ஊற்றி, இறுகிய பின் பெயர்த்தால் சிப்பியின் வார்ப்பு கிடைக்கும். சிப்பி கரைந்துபோன பின் பாறையில் எஞ்சும் பள்ளமும், அந்தப் பள்ளத்தைப் பின்னர் கனிமம் நிரப்புவதால் உண்டாகும் உருவமும் வெவ்வேறு என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். ஆகவே பிள்ளைகள் அதில் கையை வைத்து அச்செடுக்க முயலக் கூடாது, தூளை மூச்சில் இழுக்கவும் கூடாது.

இன்னொன்று, செலவே இல்லாதது. ஒரே பலாமரத்தின் இரண்டு இலைகளில் ஒன்றை முற்றத்தில் போட்டுவிட்டு, மற்றதை ஈரக் களிமண் அடுக்குகளுக்கு நடுவே புதைத்து வையுங்கள். மழைக்காலத்தில் சில வாரங்கள் கழித்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, மாற்றத்தைப் பிள்ளைகளே எழுதட்டும். விரைவாகப் புதைவது ஏன் முக்கியம் என்பது அவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

கல் பார்க்க வெளியே அழைத்துச் சென்றால், கைவிடப்பட்ட கல்குவாரிகளை அறவே தவிர்த்துவிடுங்கள். அங்கே தேங்கியிருக்கும் நீரின் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. கடற்கரைக்குப் போகும் நாளில் கடல்நிலை முன்னறிவிப்புகளை வெளியிடும் இன்காய்ஸ் என்னும் மத்திய அரசு நிறுவனத்தின் கள்ளக்கடல் எச்சரிக்கை உள்ளதா என்று பார்த்துவிட்டே புறப்படுங்கள். காற்றே இல்லாத தெளிந்த நாளிலும் நம் கரையில் பேரலை எழுவதுண்டு.

நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். பெரியவளானதும் புதைபடிவ ஆராய்ச்சியாளர் ஆக வேண்டும். என்ன படிக்க வேண்டும்? இப்போது என்ன செய்யலாம்?
— ஒரு மாணவி, கொல்லங்கோடு

உன் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது, மகளே. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் என்னும் கடற்கரை ஊரில் 1799ஆம் ஆண்டு பிறந்த மேரி ஆனிங், ஒரு தச்சரின் மகள். தந்தை இறந்த பின், கரையோரப் பாறைகளில் கிடைத்த படிவங்களை விற்றுத்தான் அந்தக் குடும்பம் பிழைத்தது. அண்ணன் ஜோசப் ஒரு மண்டையோட்டைக் கண்டுபிடிக்க, அதன் எஞ்சிய உடலை மேரி கண்டெடுத்தபோது அவளுக்கு வயது 12 அல்லது 13. அது இக்தியோசர் என்னும் கடல் ஊர்வனம். 1823இல் முழுமையான பிளீசியோசர் எலும்புக்கூட்டையும் கண்டெடுத்தாள். முறையான பள்ளிக் கல்வி அவளுக்கு மிகக் குறைவு. ஆனால் படிவங்களைப் புரிந்துகொள்வதற்காக, உயிருள்ள மீன் இனங்களையும் கணவாய்களையும் அறுத்துப் பார்த்து உள்ளுறுப்புகளைக் கற்றாள். நீ கடற்கரை ஊர்க்காரி. அந்தப் படிப்பை இன்றே வீட்டுச் சமையலறையில் தொடங்கலாம். மீன் நறுக்கும்போது அம்மாவின் அருகில் இருந்து, முள்ளெலும்பு எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது, பற்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்த்து, பார்த்தபடியே வரைந்து வை. வரையும்போதுதான் நாம் எதைக் கவனிக்கவில்லை என்பது தெரியவரும்.

மேல்நிலையில் உயிரியலை விடாமல் எடுத்துக்கொள். பிறகு இளநிலையில் புவியியல் படிக்கலாம், தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி ஆகியவற்றில் அந்தத் துறை இருக்கிறது. நிலத்தைப் பற்றிய இந்தப் புவியியல் வேறு, நாடுகளையும் தட்பவெப்பத்தையும் பற்றிய புவியியல் வேறு. விண்ணப்பம் எழுதும்போது ‘ஜியாலஜி’ என்று உறுதி செய்துகொள். விலங்கியல் அல்லது தாவரவியல் படித்துவிட்டும் இந்தத் துறைக்குள் வரலாம். அதற்குப் பின் ஆராய்ச்சிக்கு, தொல்தாவரவியல் அறிஞர் பீர்பால் சாஹ்னி நிறுவிய, லக்னோவில் இன்று பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம் என்று வழங்கும் நிலையம் இருக்கிறது; இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிலும் போட்டித் தேர்வு எழுதிச் சேரலாம்.